மரத்தடி விதி

என் அண்ணி பல் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அண்ணி அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, பாலிஷ் போட்டு அனுப்பிவைப்பார். இந்த ஊரில் பாதிப் பேர் அவர் கொடுத்த பல்லால்தான் மென்றுகொண்டிருக்கிறார்கள். அவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. எல்லாப் பல்லையும் ஒரே நேராக நிறுத்த மாட்டார். ஏதாவது ஒன்றை மயிரிழை திருப்பி வைப்பார். “நேரா நின்னா பொய்ப்பல்னு பத்தடி தள்ளியே தெரிஞ்சுடும்” என்பார். அளவுப்படி அது தப்பாயிற்றே என்று நான் ஒருமுறை கேட்டேன். “உன் பல்லைக் கண்ணாடியில பாரு” என்றார். பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் முன்னால் பொய் சொன்னவராக நிறுத்தி, அவர் நாற்காலியையும் பிடுங்கிக்கொண்டேன். அந்தப் பெருமையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு அண்ணியின் பட்டறையில் ஐந்து பேர் கூடுவோம். அண்ணி, ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டும் என் அண்ணன், மருந்துக்கடைக்காரர், கணக்கு டீச்சர், நான். மேசையில் பிளாஸ்டர் தூசியைத் துடைத்துவிட்டு மாயாஜால ஆட்டம் ஆடுவோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நான் வாள்வீரன், அண்ணன் குள்ளன், மருந்துக்கடைக்காரர் வைத்தியர், டீச்சர் மந்திரவாதி. முன்னால் ஓர் அரக்கன் நிற்கிறான், என்ன செய்கிறாய் என்று கதை நடத்துபவர் கேட்பார். வெட்டுகிறேன் என்போம். பகடையை உருட்டுவோம். வெட்டு விழுந்ததா, நம் தலை போனதா என்று விதிப்புத்தகம் சொல்லும். பதினோரு வருஷமாகக் கதை நடத்தியது அண்ணிதான். புத்தகமும் ஒன்றே ஒன்று, அவரிடம்தான் இருந்தது. அரக்கர்களின் ரகசியமெல்லாம் அதிலேயே இருப்பதால் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் வைத்திருப்பார். எங்களுக்குக் காட்ட மாட்டார். யார் என்ன கெஞ்சினாலும், “புத்தகத்துல என்ன இருக்கோ அதான்” என்பார். வைத்தியரைப் பாம்பு கடித்தபோது மருந்துக்கடைக்காரர் கரடியாகக் கத்திப் பார்த்தார். வைத்தியர் செத்ததுதான் மிச்சம். புது வைத்தியரை உருவாக்கிக்கொண்டார்.

எனக்கு அதனாலேயே அண்ணியின் ஆட்டம் பிடிக்கும். நகராட்சி அலுவலகத்தில் கட்டட வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. மாடிப்படி இரண்டு விரல் குறைந்தாலும் திருப்பி அனுப்புவேன். அலுவலகத்தில் எனக்கு ‘ஷரத்து’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள்.

அந்தப் புத்தகத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த விதி மரத்தடி விதி. ஒருவர் ஆட்டத்துக்கு வராவிட்டால் அவருடைய பாத்திரம் வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஓர் ஆபத்தும் வராது. திரும்பி வந்ததும், எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் கேட்டவருக்கு ஓர் உயிர்ப்புள்ளி குறையும். பரீட்சைத் தாள் திருத்தும் மாதங்களில் டீச்சரின் மந்திரவாதி மரத்தடியிலேயே குடியிருப்பார். “என்ன டீச்சர், ஆளையே காணோம்” என்று வாய் தவறிக் கேட்டு மருந்துக்கடைக்காரர் இதுவரை நான்கு புள்ளி இழந்திருக்கிறார்.

போன வருஷம் ஆட்டத்தின் புதிய பதிப்பு வந்தது. மெல்லிய புத்தகம், ஆளுக்கொன்று வாங்கிவிட்டோம். அரக்கர்களைத் தனிப் புத்தகமாகப் போட்டுவிட்டதால் ஒளித்து வைக்கவும் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு ஆட்டமே இல்லை, வாய்ச்சண்டைதான்.

“ஒரு ராத்திரி தூங்கினா எல்லாக் காயமும் ஆறிடுமாம்” என்றார் மருந்துக்கடைக்காரர். “அப்புறம் ஊர்ல வைத்தியர் எதுக்கு, நான் கடை திறக்கறதுதான் எதுக்கு?”

“கூட்டல் கழித்தலே இல்லாம பண்ணிட்டாங்க” என்றார் டீச்சர். “ரெண்டு பகடை போட்டுப் பெருசை எடுத்துக்கணுமாம். இதுக்கு மூளை எதுக்கு?”

அண்ணன் ஒருவர்தான் புதிய பதிப்பின் பக்கம். “குள்ளன் குதிரை ஏறலாம்னு போட்டிருக்கான். பதினோரு வருஷமா நடந்தே காலு தேஞ்சு போச்சு. நான் புதுசுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.”

அண்ணி இந்தச் சண்டைகளில் அதிகம் பேசவில்லை. மெழுகைச் சுரண்டிக்கொண்டு, “எதை வேணா எடுத்துக்கலாம், பழகிட்டா சரியாயிடும்” என்று மட்டும் சொன்னார். பழைய புத்தகத்தை அவ்வளவு கறாராகக் காத்தவர் இப்படி விட்டுக்கொடுக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். மூன்றாவது ஞாயிறு நான் குண்டைத் தூக்கிப் போட்டேன்.

“இதையெல்லாம் விடுங்க. மரத்தடி விதியையே தூக்கிட்டாங்க. முதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் தேடிட்டேன், இல்ல. வராதவங்க பாத்திரத்தை மத்தவங்க ஆடலாம், இல்லன்னா கதையை விட்டு அனுப்பிடலாம்னு போட்டிருக்கு.”

மருந்துக்கடைக்காரரும் டீச்சரும் கொதித்துப் போனார்கள். அண்ணன் மட்டும் கூரையைப் பார்த்தார். பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று நான் கிளம்பினேன். “எதுக்குப்பா, விடு” என்றார் அண்ணி. ஒருமுறை இல்லை, இரண்டு முறை சொன்னார். நான் கேட்டால்தானே. மூன்று பக்கம், ஒன்பது பத்தி, பத்திக்கு எண் போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். அண்ணி படித்துக் காட்டிய விதியை வார்த்தை மாறாமல் எழுதி, இதை நீக்க என்ன காரணம் என்று விளக்கம் கேட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதேதான்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எல்லார் முன்னாலும் திறக்க வேண்டும் என்று ஞாயிறுவரை பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். பட்டறையில் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

“அன்புடையீர், தாங்கள் குறிப்பிடும் மரத்தடி விதி எங்களுடைய எந்தப் பதிப்பிலும் இருந்ததில்லை. ஆனால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அது மிகவும் பிடித்துவிட்டது, குறிப்பாக ‘எங்கே போயிருந்தாய் என்று கேட்கக் கூடாது’ என்ற பகுதி. அதை எழுதியவர் யார் என்று தெரிவிக்க முடியுமா?”

அலமாரியில் இருந்த பிளாஸ்டர் தாடைகள் எங்களைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன.

“நான்தான் எழுதினேன்” என்றார் அண்ணி.

“அப்போ என் வைத்தியர் பாம்பு கடிச்சுச் செத்தாரே?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“அது புத்தகத்துல இருக்கு.”

“எப்படி நம்பறது?”

அண்ணி பழைய புத்தகத்தைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் தள்ளினார். அதற்குமேல் நாங்கள் ஆடியது ஆட்டம் இல்லை, தணிக்கை. பாம்பு விஷம், பாலம் இடிந்தது, டீச்சரின் மந்திரக்கோல் உடைந்தது என்று பதினோரு வருஷத்து நியாயங்களையும் தோண்டினோம். எல்லாம் புத்தகப்படியே இருந்தது. அந்த ஒன்றுதான் இல்லை. மருந்துக்கடைக்காரர் சமாதானமாகி, “சரி, நல்ல விதிதானே, இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை. பதிப்பகத்தாரிடம் அசடு வழிந்தவன் நான் அல்லவா.

“இஷ்டத்துக்கு எழுதினா அதுக்குப் பேர் விதி இல்ல, அண்ணி. இத்தனை வருஷம் எங்களை ஏமாத்தியிருக்கீங்க.”

அண்ணி அட்டைத் தடுப்பை மடித்து என் முன்னால் வைத்தார். “சரிப்பா. அடுத்த வாரத்துலருந்து நீயே நடத்து. புதுப் புத்தகப்படியே நடத்து. நான் ஒரு வில்லாளி எடுத்துக்கறேன்.”

அடுத்த ஞாயிறு நான் நடத்திய லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஓர் ஆற்றுப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பாலத்தின் அகலம், குதிரையின் அகலம், குள்ளனோடு சேர்ந்த குதிரையின் எடை எல்லாவற்றையும் சரிபார்த்தேன். அண்ணனின் குதிரைக்கு அனுமதி மறுத்தேன். டீச்சர் கொட்டாவி விட்டார். அண்ணி தன் முறை வந்தபோது அம்பு விட்டார், முறை முடிந்ததும் சும்மா இருந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. ஆறு மணிக்கு ஆட்டத்தை நிறுத்தியபோது வில்லாளி ஓநாய்க் கூட்டத்துக்கு நடுவே முன்வரிசையில் நின்றார்.

அன்று அண்ணன் என்னை வேனில் வீட்டில் இறக்கிவிட வந்தார். சிக்னலில் நிற்கும்போது, “அந்த விதியை அவ முதல்முதலா யாருக்காகப் படிச்சான்னு யோசிச்சியா?” என்று கேட்டார்.

“யாருக்காக?”

“உன் கல்யாணம் நின்னுச்சே, அப்ப.”

எட்டு வருஷம் முன்னால், கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது பெண் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. தெருவில் கால் வைத்தால், என்னப்பா ஆச்சு, ஏன்பா நின்னுச்சு. ஏழு வாரம் அலுவலகத்தைத் தவிர எங்கும் போகவில்லை. பிறகு வேறு இடத்தில் முடிந்து நன்றாகவே இருக்கிறேன், அது இந்தக் கதையில் வராது. ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிறு பயந்துகொண்டே பட்டறைக்குள் நுழைந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. “உன் வீரன் மரத்தடியில இருக்கான், எழுப்பு” என்றார் அண்ணி. என்ன விஷயம் என்றேன். புத்தகத்தில் அப்படி ஒரு விதி என்றார்கள். நல்ல விதி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என்மேல் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பேன்.

“நீ இல்லாத முதல் வாரம் புத்தகத்தைத் திறந்து, விரல் வெச்சுப் படிச்சா” என்றார் அண்ணன். “நான் பக்கத்துலதான் இருந்தேன். அந்தப் பக்கத்துல அப்படி ஒரு வரியும் இல்ல.”

“ஏண்ணே இத்தனை நாள் சொல்லல?”

“சொன்னா உனக்குத் தாங்குமா? ஷரத்து ஆச்சே நீ.”

வெட்கத்தில் எனக்கு வேனை விட்டு இறங்கி ஓடிவிடலாம் போல் இருந்தது. அன்றிரவே அண்ணிக்கு போன் செய்ய நினைத்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிறு நேரில் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு அண்ணி வரவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. பட்டறைச் சாவியை அண்ணனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அண்ணன் நாற்காலிகளை எடுத்துப் போட்டார்.

“ஓநாய் எல்லாம் வில்லாளியைச் சுத்தி நிக்குது” என்றார் டீச்சர். “புதுப் புத்தகப்படி அவங்க ஆளை நாம ஆடணும். இல்ல, அனுப்பிடணும்.”

நான் என் புத்தகத்தைப் பிரித்தேன். விரல் வைத்தேன். அது கழுதை, கோவேறு கழுதை ஆகியவை எவ்வளவு சுமை தாங்கும் என்ற அட்டவணை.

“எழுபத்தொன்பதாம் பக்கம்” என்றேன். “வராதவர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஓர் ஆபத்தும் வராது. திரும்பி வந்ததும் எங்கே போயிருந்தீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது.”

மூன்று பேர் மடியிலும் அதே புத்தகம் இருந்தது. ஒருவரும் பிரிக்கவில்லை. “அப்ப ஓநாய் எங்ககிட்டதான் வரும்” என்று மருந்துக்கடைக்காரர் பகடையை எடுத்தார்.

அண்ணி அடுத்த வாரம் வந்தார். மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தார், டீச்சர் முழங்கையால் ஓர் இடி வைத்தார். அண்ணி உட்கார்ந்து எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

“என் ஆளு எங்க?”

“மரத்தடியில, அண்ணி” என்றேன்.

“எந்த விதிப்படி?”

“எழுபத்தொன்பதாம் பக்கம்.”

என் புத்தகத்தை இழுத்து, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். கழுதை அட்டவணையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“தெளிவாத்தான் எழுதியிருக்காங்க” என்று சொல்லிப் புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.