மாப்பிள்ளைப் படகும் சூடேறாத எஞ்சினும்

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை ரஃபீக் திருகோணமலையில் இருக்கும் எனக்குப் போன் எடுத்தார். அதுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். ரஃபீக் கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் இருப்பவர். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் படகு ஓட்டுகிறார். அந்தப் படகின் டீசல் எஞ்சின் மாசி மாதம் நான் விற்றது.

"அண்ணன், ஞாயித்துக்கிழம மகள்ட நிக்காஹ். மாப்பிள்ள அக்கரையில இருந்து நம்மட படகுலதான் வாரார். எஞ்சின் வெள்ளப் பொக கக்குது, எண்ணையப் பொட்டுப் பொட்டாத் துப்புது. மாப்பிள்ளட உடுப்பு தலையில இருந்து கால்வரைக்கும் வெள்ள!"

எஞ்சின் நான் கொடுத்தது. கறை படிந்தால் அது என் பெயரிலும்தானே படியும்? எஞ்சின் கழற்றும் சாவிகள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

திருகோணமலையிலிருந்து கண்டி ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீட்டர். நான் வெள்ளிக்கிழமை போனேன். விடியற்காலை பஸ் எடுத்தால் ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக மதியத்துக்கு முன் கண்டியில் இறங்கலாம். மாத்தளை தாண்டியதும் யன்னலால் வரும் காற்றே மாறிவிடும். வியர்த்த சட்டையோடு ஏறுகிறவர்கள் ஒரு துண்டையும் கையில் வைத்திருங்கள். கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் திகன பஸ் கிடைக்கும். கூட்டம் இல்லாவிட்டால் முக்கால் மணித்தியாலம்.

ரஃபீக்கின் மனைவி சுபைதா கெட்டிக்காரி. படகின் பின்பக்கம், புகைக்குழாய்க்கு நேரே, வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள். ஒரு சுற்றுப் போய் வந்து பார்த்தோம்.

"பாருங்க அண்ணன், புள்ளிமான் மாதிரி இரிக்கி. மாப்பிள்ளயும் இப்பிடித்தான் வந்து எறங்குவாரோ?"

எண்ணெய் வடிகட்டியைப் பார்த்தேன், சுத்தம். டீசல் தெளிக்கும் ஊசிகளைக் கழற்றிப் பார்த்தேன், அவையும் சரி. கடைசியில் எஞ்சின் தலையில் உள்ளங்கையை வைத்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கையை வைத்திருக்கலாம், அவ்வளவு குளிர்ச்சி.

"எஞ்சினில ஒரு குறையுமில்லைத் தம்பி. கையை வச்சுப் பாரும், பச்சைத் தண்ணி மாதிரி" என்றேன் பெருமையோடு.

எங்கள் கரையில் அதுதான் நல்ல எஞ்சினுக்கு அடையாளம். கடல் நீரையே உறிஞ்சி எஞ்சினைக் குளிரவைக்கிறோம். அது அறுபது பாகைக்கு மேல் சூடேறினால் உப்பு படிந்து உள்ளே அடைத்துக்கொள்ளும். அதனால், எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை மறித்து வைக்கும் வால்வை முதல் வேலையாகக் கழற்றிவிடுவோம். இந்த எஞ்சினிலும் கழற்றியது நானேதான்.

யோசித்துக்கொண்டே படகோரம் குனிந்து முகம் கழுவினேன். தண்ணீர் வாய்க்குள் போனது. துப்பப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"தம்பி, இதில உப்பில்லையே!"

"கொளத்துத் தண்ணில உப்பெங்க அண்ணன்?" என்று ரஃபீக் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

உப்பில்லாத இடத்தில் உப்புக்குப் பயந்து வைத்தியம் பார்த்திருக்கிறேன்! மலைத் தண்ணீர் தடையில்லாமல் ஓடி எஞ்சினைச் சூடேறவே விடவில்லை. சூடில்லாததால் டீசல் முழுதாக எரியவில்லை. எரியாத மிச்சம்தான் விரிப்பில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது.

சனிக்கிழமை காலை கண்டிக்குப் போனேன். ரஃபீக்குக்குப் பந்தல் வேலை, அதனால் தனியாகத்தான். கட்டுகஸ்தோட்டை வீதியில் வாகன உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இந்த எஞ்சின், ஆட்கள் ஏற்றும் வான் வண்டியின் எஞ்சினைக் கடலுக்கென்று மாற்றிய வகை. ஆகவே வான் வால்வே பொருந்தும். நான் போன கடைக்காரர் கண்டி மஹய்யாவையிலேயே பிறந்து வளர்ந்தவர், வாய் ஓயாத மனிதர்.

"வாங்க பெரியவரே, என்னா வேணும்?" வேண்டியதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "மலையேறுற லொறிக்காரங்க எல்லாம் இத கழட்டி வீசிட்டுப் போறாங்க. மாட்டணும்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதாங்க! எங்க, ஹந்தானை மலைக்கு ஏத்தப் போறீங்களா?"

"இல்லை, தண்ணியில ஓட்ட."

"கண்டியில கப்பலா?" என்று பக்கத்துக் கடைக்கும் கேட்கக் கூவினார்.

புது வால்வை அப்படியே எஞ்சினில் பூட்டக் கூடாது. நூலில் கட்டிச் சுடுநீரில் தொங்கவிட்டு, திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் சுடுநீருக்கா பஞ்சம்? அடுப்பில் கொதிக்கப்போகும் பானைக்குள் மெல்ல இறக்கினேன்.

"அல்லாஹ்! தேத்தண்ணிப் பானைக்குள்ள இரும்பா?" சுபைதா அகப்பையோடு ஓடி வந்தாள். திட்டு முடிவதற்குள் வால்வு மெதுவாக வாயைத் திறந்தது. சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "சரி சரி, பூட்டுங்க. ஆனா இந்தப் பானைய நீங்கதான் கழுவித் தரணும்."

கழுவிக் கொடுத்தேன்.

பின்னேரம் வால்வைப் பூட்டிப் படகை எடுத்தோம். சூடு காட்டும் முள் ஐம்பதைத் தாண்டியது, அறுபதைத் தாண்டியது. என் கை தானாக எஞ்சினை நிறுத்தும் பிடிக்குப் போனது. காலமெல்லாம் பழகிய கை அல்லவா? ரஃபீக் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுங்க அண்ணன். உப்பில்லண்டு நீங்கதானே சொன்னீங்க."

எழுபது. அதற்கும் மேலே. எண்பதைத் தொடுமுன் முள் நின்றது, பிறகு அசையவே இல்லை. வால்வு திறந்துவிட்டது. பின்னால் வெள்ளைப் புகை மெலிந்து மெலிந்து காணாமல் போனது. புதிதாகக் கட்டிய விரிப்பைக் கரையில் அவிழ்த்து, சுபைதா வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. மடித்து உள்ளே கொண்டுபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் ஆட்கள் படகு நிறைய வந்து இறங்கினார்கள். சுபைதா ஸலாம் சொல்லிக்கொண்டே மாப்பிள்ளையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"மாமி, என்ன தேடுறீங்க?"

"ஒண்டுமில்ல மகன், வாங்க வாங்க" என்றவள், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நிக்காஹ் முடிந்து ரஃபீக் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். நாங்கள் ஐந்தாறு பேர் சஹன் என்ற பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ஒன்றாகச் சாப்பிட்டோம்.

கடலிலிருந்து மலைநாட்டுக்கு எஞ்சின் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் நல்ல தண்ணீரை ஓடவிட்டுப் பழைய உப்பைக் கழுவுங்கள். வால்வு இல்லையென்றால் போடுங்கள். தொட்டால் குளிர்கிறது என்று மகிழ வேண்டாம். எந்தத் தண்ணீர் உள்ளே ஓடுகிறது என்று பார்த்துத்தான் சூட்டை முடிவு செய்ய வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பின்னேரத்தில் போங்கள், நீர்த்தேக்கம் அப்போதுதான் அழகு. ஆனால் திகனவில் கடைசி பஸ் எப்போது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, அப்ப எங்கட படகுக்கும் அந்த வால்வைப் போடுவமா?"

"சும்மா இரு பிள்ளை" என்றேன். "இது கடல்."