ஒன்றரை அடி காணாது

இன்று காலை கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு வரும் குறுகிய ஒழுங்கையை அளக்கப் பிரதேச சபையிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். காணியைப் பிரித்து, வாடகை வீடுகளில் அலைந்து களைத்த தங்கச்சிக்குப் பின்பக்கம் வீடு கட்ட அனுமதி கேட்டிருந்தோம்.

அளவுநாடாவைச் சுருட்டியபடி சொன்னார்: "ஒன்றரை அடி காணாது அண்ணை. இந்த அகலத்துக்கு இன்னொரு வீட்டுக்கு அனுமதி தர ஏலாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சனம் இருக்க வீடில்லாமல் திரியுது, நீங்கள் அடிக்கணக்குப் பாக்கிறியள்!"

"காணிப் படத்திலை ஒழுங்கை அகலமாத்தான் கிடக்கு. மதில்தான் நடந்து வந்திருக்கு" என்றார்.

அவர் போனதும் எதிர்வீட்டு அண்ணையிடம் போனேன். "உங்கடை மதிலைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிக் கட்டுவியளோ?"

அவர் சிரிக்கவில்லை. "என்ரை மதில் அரை அடிதான் வெளியிலை நிக்குது, தம்பி. மிச்ச ஒரு அடி ஆரின்ரை எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

யோசிக்கத் தேவையில்லை. எங்கள் வேலியைப் பிடுங்கி மதில் கட்டியபோது மேசனுக்கு நூல் பிடித்தவன் நான்தான். அந்த ஓர் அடியில் இப்போது எங்கள் செவ்வரத்தைச் செடி பூத்து நிற்கிறது.

தங்கச்சிக்கு இன்னும் சொல்லவில்லை.

சட்டத்தைத் திட்டி எழுதத்தான் போனை எடுத்தேன். நீங்களும் திட்டலாம். முதலில் உங்கள் ஒழுங்கையை அளந்துவிட்டு வாருங்கள்.