பொய்ப் போத்தலும் பத்மா அக்காவும்

பத்மா அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் மார்க்கம் நகரில், நான் கந்தோரில் வேலையாக இருந்தபோது வந்தது. அழுதேன். இரங்கலுரை நிகழ்த்தப்போவது எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் என்று கேட்டதும் அழுகை நின்று, அருவருப்பு வந்தது. ஏன் என்று தலைவரை அறிந்த நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா நகரத்து இத்தாலிய உணவகமொன்றில் சாப்பாடும் வைனும் பரிமாறினார். கணவர் இல்லை, ஒரே மகள். கராஜுக்குள் இருந்து விஸ்கி குடிக்கும் நம்மவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தண்ணிக்கடைக்காரி'. "குடிக்கிறவைக்கு மரியாதை, ஊத்துறவளுக்குப் பட்டமோ?" என்று அக்கா சிரிப்பார்.

தலைவர் தன் இரண்டாவது கடை திறந்ததற்கு அங்கே எங்களுக்கு விருந்து வைத்தார். அல்யானிக்கோ வேண்டும் என்றார். தென் இத்தாலியின் எரிமலைச் சரிவில் விளையும் அந்தப் பெயர்கொண்ட திராட்சையில் மட்டுமே செய்யும் சிவப்பு வைன், விலை அதிகம். போத்தல் திறந்தே வந்தது. முதலாளியே ஊற்றிவிட்டுப் போனார். தலைவர் ஒரு வாய் குடித்து, "எரிமலை மண் மணக்குது!" என்றார். பிறகு அக்காவிடம், "என்ன தங்கச்சி, திறம் சாமான்தானே?" என்று கேட்டார்.

அக்கா குனிந்து மெல்லச் சொன்னார்: "இல்லை அண்ணை. போத்தல்தான் அது. உள்ளுக்கு மலிவு வைன். முதலாளி பின்னாலை வைச்சு அதுக்குள்ளை ஊத்தி நிரப்பினதை நான் கண்டனான். வேறை எடுங்கோ."

எங்களுக்கும் கேட்டுவிட்டது. தலைவரின் முகம் கறுத்தது. முதலாளியைக் கூப்பிட்டு, இவள் என்னை அவமதித்துவிட்டாள் என்றார். அக்காவுக்கு அந்த இடத்திலேயே வேலை போயிற்று. தலைவர் அதே போத்தலை அடிவரை குடித்தார். நான் எழுந்து அக்காவோடு வெளியேறினேன்.

பிறகு அக்கா பிறம்ரன் நகரத்துக் களஞ்சியமொன்றில் பெட்டி தூக்கும் வேலை செய்தார். தலைவர் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் மரண வீட்டில் ஒலிவாங்கியைப் பிடித்து, "எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி. அவவின் நேர்மைக்கு நானே சாட்சி" என்று கண்ணைத் துடைத்தார்.

அக்காவின் மகள் எழுந்தாள். "அங்கிள், ப்ளீஸ் ஸ்டொப். அம்மான்ரை வேலையைப் பறிச்சது நீங்கள்." ஒலிவாங்கியைத் தரும்வரை கையை நீட்டியபடி நின்றாள். அவர் கொடுத்துவிட்டு இறங்கினார். கார் தரிப்பிடத்தில் அவரைச் சூழ்ந்து நின்று, "பிள்ளை கவலையில கதைக்குது, குறை நினையாதேங்கோ" என்று தேற்றிய கூட்டத்தோடு நிற்காமல் என் காருக்கு நடந்தேன்.

அக்காவின் வேலை போன அன்று காரில் அவரிடம் கேட்டேன், "பேசாமல் விட்டிருக்கலாமே அக்கா?"

"அவர் கேட்டவர். நான் சொன்னன். உதிலை யோசிக்க என்ன கிடக்கு?"

அந்தக் குரலில் கோபமே இல்லை. அந்தக் குரலை இன்றும் மனதில் வைத்திருக்கிறேன். அருவருப்பு முழுவதும் என்னுடையது.