ஸ்கேல் அக்கா கொண்டுவந்த சொதப்பல்

மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தப்பு என்றால் பிடிக்காது. பிடிக்கவும் கூடாது. காலையில் போட வேண்டிய மாத்திரையின் உறையில் ராத்திரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "அடடா, கை தவறிடுச்சு" என்று பல்லைக் காட்ட முடியுமா? அதனால் ஸ்கேல் அக்காவை யாரும் குறை சொல்ல வேண்டாம். அவள் பிழைப்பு அப்படி.

ஆனால் கடை ஷட்டரை இறக்கிய பிறகும் அந்தப் பிழைப்பு அவளை விடவில்லை. வீட்டில் துணி மடித்தால் ஓரத்தோடு ஓரம் ஒட்ட வேண்டும். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் நெரிசலில் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு வந்து சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டால், அது எந்தப் பக்கம் தொங்க வேண்டும் என்பதற்கும் ஒரு சட்டம் உண்டு. அந்த மனுஷர் பாவம், இத்தனை வருஷத்தில் அந்தச் சட்டத்தை மனப்பாடமே செய்துவிட்டார்.

தோல் வகுப்புக்கு அவள் வந்ததே தற்செயல்தான். கைப்பை வார் அறுந்துவிட்டது. திரைச்சீலைக் கடைக்கு மேல் மாடியில் யாரோ தோல் வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். அங்கே நீள மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து டொக்கு டொக்கென்று தோலில் துளை அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்ற டீச்சர் பையை வாங்கிப் பார்த்தார்.

"இங்க ரிப்பேர் பண்றதில்லம்மா. கத்துக் கொடுக்கிறதுதான். உட்காருங்க, நீங்களே தைச்சுடலாம்."

உட்கார்ந்தவள்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் அவளைத் தேடிப் பிரயோஜனமில்லை என்றாகிவிட்டது. தோலும் அவளுக்கு வாகாக அமைந்தது. ஸ்கேலை வைத்துக் கோடு போடு, கோட்டில் துளை அடி, மெழுகு தடவிய நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று விட்டு இழு. சொன்னதைச் சொன்னபடி செய்தால் சொன்னபடி வருகிற விஷயம் இந்த உலகத்தில் வேறு என்ன இருக்கிறது? அவள் தையல் அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். கையை விட்டுக் கீழே வைக்காத அந்தச் சின்ன இரும்பு ஸ்கேலால்தான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. வைத்தவர் சலூன்காரர்.

சலூன்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கத்தரியும் சீப்பும் பிடித்த கை, சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்று எல்லாரும் நினைத்தார்கள். கற்றுக்கொண்டது, ஆனால் வழியெல்லாம் தோலைக் கெடுத்துக்கொண்டேதான் கற்றுக்கொண்டது. முடியென்றால் தப்பாக வெட்டினாலும் வளர்ந்துவிடும்; தோல் வளராது என்பது அவருக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது. அவர் கெடுத்த துண்டுகளை எல்லாம் ஒரு சாக்குப் பையில் சேர்த்து, சொத்து மாதிரி பத்திரமாக வைத்திருந்தார்.

அதற்குக் காரணம் சொதப்பல் மேசை.

அவ்வப்போது அந்த மாடியில் பகிர்வு நாள் ஒன்று நடக்கும். பழைய மாணவர்கள், புது மாணவர்கள் எல்லாரும் கூடுவார்கள். ஜன்னலோர மேசையில் மிச்சத் தோல் குவியும். உன்னிடம் கறுப்பு அதிகமா, என்னிடம் பழுப்பு அதிகமா, மாற்றிக்கொள்ளலாம். ஒருத்தர் புதிதாகக் கற்ற சாயம் போடும் வித்தையைக் காட்டுவார், இன்னொருத்தர் ஓரம் தேய்க்கும் விதத்தை. எல்லாம் முடிந்தபின் நடு மேசையைத் துடைத்துக் காலியாக்குவார்கள். அதுதான் சொதப்பல் மேசை. தான் கெடுத்த ஒரு பொருளை அதில் வைத்து, எப்படிக் கெட்டது என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஒருத்தர் தன் இடுப்பை அளந்து மச்சானுக்கு பெல்ட் செய்த கதையைச் சொல்லுவார். இன்னொரு அம்மா, தோலை வெட்டும் அளவு அட்டையைத் திருப்பிப் போட மறந்து, இரண்டுமே வலது காலுக்கான செருப்பைத் தூக்கிக் காட்டுவாள். நாய்க்குக் கழுத்துப்பட்டை செய்தவர் கையில் எதுவும் இருக்காது, நாயே தின்றுவிட்டது. அதிகம் கெடுத்தவருக்கு அதிகக் கைதட்டல்.

ஸ்கேல் அக்கா கை தட்டுவாள். சிரிக்கவும் செய்வாள். ஆனால் அந்த மேசையில் அவள் எதையும் வைத்ததில்லை. அவளும் கெடுத்திருக்கிறாள், அதில் என்ன சந்தேகம்? கெட்ட கணமே அதைக் கைப்பைக்குள் தள்ளி, வீட்டுக்குப் போனதும் பொடிப்பொடியாக வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவாள். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் டீச்சரின் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வகுப்பை மூட மனமில்லை. யாராவது எடுத்து நடத்த வேண்டும். சலூன்காரர் நான் என்றார். ஸ்கேல் அக்காவும் நான் என்றாள். சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள்.

"ரெண்டு பேருமே நல்லாச் செய்வீங்க. அடுத்த பகிர்வு நாள்ல எல்லாரும் கை தூக்கி முடிவு பண்ணட்டும்" என்றார் டீச்சர். "ஆனா ஒண்ணு. ரெண்டு பேரும் சொதப்பல் மேசையில ஆளுக்கு ஒண்ணு வைக்கணும். கத்துக்க வர்றவங்க முதல் நாளே தோலைக் கெடுப்பாங்க. கெடுத்தவங்க முகத்தைப் பார்க்கத் தெரிஞ்சவங்கதான் இங்க நிக்கணும்."

அக்காவுக்கு அந்த மேசை என்றாலே ஆகாது. வேண்டாம் என்று விலகிக்கொள்ளவும் முடியவில்லை. கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சீட்டை வாங்கி மாத்திரையைக் கொடுத்தால், வாங்கினவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் போவார். மாடியில் அப்படி இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கு ஊசி கோக்கச் சொல்லிக்கொடுத்து, அடுத்த வாரம் அவர் தானாகக் கோத்துக்கொண்டு வந்து காட்டும்போது அவளுக்கு உடம்பே லேசாகிவிடும். இந்த வகுப்பு தனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்ட அளவுக்கு அவள் ஒரு நகைக்கோ புடவைக்கோ ஆசைப்பட்டதில்லை.

ஆனால் வைப்பதற்குச் சொதப்பல் எங்கே? எல்லாம்தான் குப்பைக்குப் போய்விட்டதே.

முந்தின நாள் சாயங்காலம் சமையலறை மேசையில் தோலை விரித்தாள். மூக்குக் கண்ணாடிக்கு உறை செய்வது, அதில் ஒரு பக்கத் தையலைக் கோணலாக ஓட விடுவது என்பது திட்டம். கேட்க எளிதாக இருக்கிறது. கை ஒத்துழைக்க வேண்டாமா? கண்ணை மூடிக்கொண்டு துளை அடித்தாள், நேராக விழுந்தது. இடது கையால் அடித்தாள். விரலில் பட்டது, துளை நேராகத்தான் விழுந்தது. கடைசியில் தோலில் குறிக்கும் வெள்ளி மை பேனாவை எடுத்து, ஒரு கோணல் கோடு வரைந்து, அது போதுமான அளவு கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, அழித்து, இன்னும் கொஞ்சம் கோணலாக வரைந்து, அதன் மேல் துளை அடித்தாள்.

டீ எடுக்க வந்த வீட்டுக்காரர் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தப்பு பண்ணக்கூட கோடு போடுவியா நீ?"

"உங்க வேலையைப் பாருங்க."

அவர் டீயை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் நகர்ந்துவிட்டார். கல்யாணமான புதிதில் என்றால் நின்று வாதாடியிருப்பார்.

பகிர்வு நாளன்று மாடி நிரம்பி வழிந்தது. சலூன்காரர் சாக்குப் பையைக் கவிழ்த்தார். பொலபொலவென்று விழுந்த குவியலிலிருந்து எதை எடுப்பது என்று தெரியாமல் திண்டாடி, ஒரு தொப்பியை எடுத்தார். ஒரு வாடிக்கையாளர் தலையை அளக்கும்போது முடியோடு அளந்துவிட்டாராம். முடி வெட்டின பிறகு போட்டால் தொப்பி மூக்கில் வந்து உட்கார்ந்ததாம். "அதுவும் முடி வெட்டினது நானேதான்!" என்றார். விசில் பறந்தது.

அடுத்து ஸ்கேல் அக்கா. கண்ணாடி உறையை மேசையில் வைத்தாள். "அவசரத்துல தைச்சேன். கோணலாப் போச்சு" என்று முடித்துக்கொண்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் இப்படித்தான், ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

உறை கைக்குக் கை போனது. சலூன்காரர் கைக்கு வந்ததும் அவர் அதை ஜன்னல் பக்கம் திருப்பினார். கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை. அக்காவின் சொதப்பலை நல்ல வெளிச்சத்தில் ரசித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

"அக்கா, துளைக்குக் கீழ வெள்ளிக் கோடு இருக்கு." இன்னும் குனிந்து பார்த்தார். "கோணலாப் போறதுக்கும் கோடு போட்டிருக்கீங்களே!"

மாடி அதிர்ந்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். செருப்பு அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. குட்டு வெளிப்பட்டுவிட்டது. அக்காவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. படியிறங்கி ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"சொல்லுங்கம்மா. இது எப்படி ஆச்சு?"

"நேத்து சாயங்காலம் உட்கார்ந்து பண்ணேன் டீச்சர். வேணும்னேதான்." குரல் இறங்கிவிட்டது. "நிஜமா கெட்டதை எல்லாம் வெட்டிக் குப்பையில போட்டுட்டேன். வைக்க ஒண்ணும் இல்ல. வகுப்பு கிடைக்காமப் போயிடுமோன்னு..."

சிரிப்பு சட்டென்று அடங்கியது. சலூன்காரர் உறையை என்ன செய்வதென்று தெரியாமல் அசடு வழிய நின்றார். அப்போது கூரியர்காரர் எழுந்தார். ஆறடி ஆள், வகுப்பில் அக்காவுக்குப் பக்கத்து இடம் அவருக்குத்தான். வாயைத் திறந்து யாரும் அதிகம் கேட்டதில்லை. தோளில் மாட்டியிருந்த பெரிய பையில் கையை விட்டு ஒரு பர்ஸை எடுத்து அக்காவின் முன் வைத்தார். அழகான பர்ஸ். ஒரே ஒரு குறை, நாலு பக்கமும் தைத்திருந்தது. உள்ளே ஒரு சில்லறைக் காசுகூடப் போக வழியில்லை.

"வீட்டுக்காரிக்குன்னு செஞ்சேன்க்கா. போன மாசமே இப்படி ஆயிடுச்சு. கோவிச்சுக்காதீங்க, நீங்க பக்கத்துல இருந்தீங்களா, வெளியே எடுக்க பயமா இருந்துச்சு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. மற்றவர்கள் சிரித்தது வலித்ததைவிட இது அதிகம் வலித்தது. தான் ஒளித்தது போதாதென்று, பக்கத்தில் இருந்தவரையும் ஒளிக்க வைத்திருக்கிறாள். பர்ஸைக் கையில் எடுத்தாள். கைக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது.

"உள் பாக்கெட்டை முதல்ல தைச்சிருக்கணும் தம்பி. அப்புறம் மூணு பக்கம். நீங்க சுத்தி வர்ற வேகத்துல மேல் பக்கத்தையும் சேர்த்துட்டீங்க. பிரிச்சுடலாம், இருங்க."

கட்டரை எடுத்து இரண்டு தோலுக்கும் நடுவே விட்டாள். கூரியர்காரர் பலம் கொண்ட மட்டும் இழுத்துத் தைத்திருந்தார், கத்தி இறங்கவில்லை. எல்லார் கண்ணும் தன் கையில் இருப்பது தெரிந்தது. அழுத்தினாள். கத்தி துள்ளி வெளியே வந்து பர்ஸின் முகத்தில் குறுக்கே கோடு கிழித்தது. ஆழமாக, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை.

அக்காவின் கை தன்போக்கில் பர்ஸை மேசைக்கடியில் கொண்டுபோய்விட்டது. கைப்பையின் ஜிப்பைக்கூட இன்னொரு கை திறந்துவிட்டிருந்தது.

"பரவாயில்லக்கா" என்றார் கூரியர்காரர் மெதுவாக.

"என்ன பரவாயில்ல?" அக்காவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார் மேல் என்றால் தன் மேல்தான். "உங்க வீட்டுக்காரிக்குச் செஞ்சது. நான் கெடுத்துட்டேன்."

பர்ஸை மேலே கொண்டுவந்து, நடு மேசையில், தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இறுக்கமான தையலுக்கு நடுவுல கத்தியை விடக் கூடாது. மேல இருந்து ஒவ்வொரு தையலா வெட்டி நூலை உருவணும். எனக்கு இது நல்லாவே தெரியும். எல்லாரும் பார்க்கிறீங்களேன்னு அவசரப்பட்டேன். அதான் கெட்டுது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தம்பி, அந்த ஜன்னல் மேசையில நல்ல பழுப்புத் தோலா ஒண்ணு பார்த்து எடுத்துட்டு வாங்க. இப்பவே போட்டுடலாம்."

கூரியர்காரர் தோலோடு வந்தார். அக்கா கிழிந்த பர்ஸையே அளவு அட்டையாக வைத்து அளவெடுக்கச் சொன்னாள். அவர் வெட்டினார், அவள் தொடவில்லை. உள் பாக்கெட்டை அவர் வைத்துக் காட்டினார், சரி என்றாள். ஊசியை எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்று விரலால் காட்டினாள். அவர் ஒரு துளை கோணலாக அடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "பார்த்துட்டேன். அதுல ஊசி விடாம அடுத்ததுக்குப் போங்க" என்றாள். சுற்றிலும் ஆள் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. டீச்சர் ஏதோ கேட்டது காதில் விழவில்லை. நாற்காலிகள் நகர்ந்ததும் விழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தால், மாடியில் இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். சலூன்காரர் எல்லாருக்கும் முன்னால், இரண்டு கையையும் தூக்கியிருந்தார்.

"இப்படி ஒரே நேரத்துல எல்லாரும் கேட்டா எப்படி?" என்றாள் ஸ்கேல் அக்கா. "ஒவ்வொருத்தராக் கேளுங்க. யாருக்கு எது புரியலை?"