கஞ்சி போட்ட சீருடை

போர்மேனின் சட்டைக் கை மொடமொடவென்று சத்தம் போடும். கையைத் தூக்கி எதையாவது சுட்டிக் காட்டினால் அப்பளம் நொறுங்குவது போலக் கேட்கும். ஹைதராபாத்துக்கு வெளியே இருந்த அந்த மின் நிலையத்தில் அத்தனை பேரும் ஒரே நீலச் சீருடையில் நின்றாலும் அவரைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அந்தச் சீருடையை வடிவமைத்தவள் நான்.

என்னோடு படித்தவர்கள் எல்லாம் சாஃப்ட்வேருக்குத் தாவி ஹைடெக் சிட்டிப் பக்கம் போய்விட்ட காலம் அது. துணிநூல் படித்த நான் மட்டும் தார்நாகாவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு பிடிவாதமாகத் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மின் ஊழியர்கள் அதுவரை போட்டிருந்தது பாலியெஸ்டர் கலந்த துணி. தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், கிழிந்து தூக்கிப்போட்டால் மண்ணில் மக்கவும் மக்காது. நான் கொண்டுவந்தது, தீ பற்றிப் படராதபடி பதப்படுத்திய பருத்தி. வருடக்கணக்கில் உழைக்கும். முழங்கை கிழிந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றித் தைக்கலாம். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

போர்மேன் வீடு குஷாய்குடாவில். மதுரைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அவர் மனைவியை அக்கா என்பேன். சோறு வடித்த கஞ்சியில் சீருடையை முக்கி, நிழலில் காயவைத்து, அக்கா தன் கையாலேயே இஸ்திரி போடுவார். "நாலு பேரு மதிக்கிற மாதிரி போகணும்ல?" என்பார். "அக்கா, உங்க கை பட்டாத்தான் என் சட்டைக்கே அழகு" என்றேன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

துணியை எத்தனையோ முறை சோப்புப் போட்டுத் துவைத்து, கொளுத்திச் சோதித்தவள்தான். வீட்டில் யார் துவைக்கிறார்கள், எப்படித் துவைக்கிறார்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கஞ்சி போடக்கூடாது என்ற வரி கழுத்துப்பட்டிக்குள் இருந்த லேபிளில் எறும்பு அளவு ஆங்கிலத்தில் கிடந்தது. துணி ஆலை கொடுத்ததை அப்படியே எடுத்துப் போட்டு, நானே மறந்துபோன வரி.

ஒரு நாள் காலை மின்பலகை அறையில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடு ஒரு வெடிப்பு. பக்கத்தில் நின்ற இருவரின் சட்டையும் கருகியதோடு சரி. போர்மேனின் வலக் கைச் சட்டை மட்டும் பற்றி எரிந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது.

அவர் சட்டையில் மிச்சமிருந்த இடக் கைத் துணியை இரண்டாக வெட்டினேன். ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி போக அலசிக் காயவைத்துக் கொளுத்தினேன். நெருப்பை விலக்கியதும் அணைந்தது. கஞ்சியோடு இருந்த துண்டு விடாமல் எரிந்தது. ஐயோ, நானும்தானே பாராட்டினேன் என்று அந்த மேசையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "கஞ்சிதானே?" என்றார். தலையாட்டினேன். "அவகிட்ட மட்டும் நக்கோம்மா, வேணாம். சொல்லிராத. தெரிஞ்சா செத்துருவா. புண்ணுல உரசுதுன்னு சொல்லி நானே கஞ்சிய நிப்பாட்டிக்கிறேன்." சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆனால் மற்ற வீடுகள்? விசாரித்தால் பாதிப் பேர் வீட்டில் கஞ்சி. வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்து வேறொருவர் வேகப்போகிறார். லேபிள் என் தவறு என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். புதிய சட்டைகளில் உள்ளங்கை அளவு லேபிள் வைத்தோம். கஞ்சிப் பானை படம், அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி, கீழே தெலுங்கில் எச்சரிக்கை. போர்மேனின் மூன்று சட்டைகளில் மட்டும் அந்த லேபிளை நானே உட்கார்ந்து பிரித்தெடுத்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிறு போயிருந்தேன். அவர் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். அக்கா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பை நிறுத்தாமலே, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பக்கத்து வீட்டுத் தம்பியும் அங்கதான வேலை. அவரு சட்டையில கஞ்சிப் பானைய வரைஞ்சு சிவப்புல அடிச்சிருக்கு. எல்லாரு சட்டையிலயும் இருக்காம். இவரு சட்டையில மட்டும் ஏம்மா பிரிச்ச?"

கழுத்துப்பட்டியைத் திருப்பிக் காட்டினார். தையல் ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. ஓர் ஓட்டையை நகத்தால் தேய்த்து மூடப் பார்த்தேன்.

"சரி, விடு. எனக்குத் தெரியும்னு அவருட்டச் சொல்லிராத. பாவம், என்ன பாடுபட்டு மறைக்கிறாரு."

டீயோடு வந்த போர்மேன், "என்ன ரகசியம்?" என்றார். "துணி துவைக்கிறதப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்" என்றார் அக்கா. அவர் என்னைப் பார்த்தார். வாக்கைக் காப்பாற்றினாயா என்று கேட்கும் பார்வை. தலையாட்டினேன். அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்று இருவரும் மதுரைக்கே போய்விட்டார்கள். தீபாவளிக்குத் தவறாமல் போன் வரும். முதலில் அவர் பேசுவார், பிறகு அக்காவிடம் கொடுப்பார். ஒருவர் பேசும்போது மற்றவர் பக்கத்திலேயே இருக்கிறார். அங்கே மழை உண்டா என்று இருவரிடமும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.