எண்ணெய் தேய்த்துக் குளித்த இத்தாலி வண்டி

பழைய இத்தாலி பைக்கில் மதுரையிலிருந்து குற்றாலம் போகலாமா, வழி எப்படி, வண்டி தாங்குமா என்று கேட்டு நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். போன சாரல் சீசனுக்கு நான் போய் வந்ததை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சந்தோஷமான பயணக் கட்டுரை இல்லை. அருவிப் படம் பார்க்க வந்தவர்கள் இப்போதே வேறு பக்கம் போய்விடலாம்.

என் வண்டி தொண்ணூற்றெட்டாம் வருஷ மாடல். சிவப்பு நிறம், இரண்டு சிலிண்டர், குனிந்து படுத்து ஓட்டுகிற ரகம். வாங்கும்போதே வீட்டுக்காரர் சொன்னார், "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிற" என்று. கேட்டேனா? இன்ஜினுக்குள் இரண்டு ரப்பர் பெல்ட் இருக்கிறது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகணும், இல்லாவிட்டால் அறுந்து இன்ஜினே போய்விடும். பெல்ட் இத்தாலியிலிருந்து வந்து சேர ஐந்து மாசம். அது வந்த வாரம் பேட்டரி சார்ஜ் ஆகிற யூனிட் எரிந்தது. அதை மாற்றினால் பெட்ரோல் குழாய் கசிந்தது. நான் பல் டாக்டர். "உங்க கையில பெட்ரோல் வாடை அடிக்குதே டாக்டர்" என்று ஒரு பேஷண்ட் வாயைத் திறக்க மறுத்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் நான் ஷெட்டில், மற்றவர்கள் சோற்றுத்தட்டின் முன்னால். நொந்து நூலாகியிருந்தேன், ஆனாலும் விற்க மனசு வரவில்லை.

கடைசியில் வீட்டுக்காரர்தான் ஒரு பேச்சு பேசினார். "சாரலுக்கு உங்க சித்தப்பா வீட்டுக்கு இதுலயே போயிட்டு வா. ஓட்டிக்கிட்டே திரும்பி வந்தா வச்சுக்கோ, நான் இனி வாயைத் திறக்க மாட்டேன். லோடு வண்டியில வந்துச்சுன்னா வித்துரு." நியாயமான பேச்சுதான். ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், கடையநல்லூர் வழியாகத் தென்காசி, கிட்டத்தட்ட நூற்று அறுபது கிலோமீட்டர். ராஜபாளையம் ஊருக்குள் மெதுவாகப் போக வேண்டியிருந்ததில் இன்ஜின் சூட்டில் தொடை வெந்துவிட்டது, இந்த வண்டியில் ஜீன்ஸுக்குள் இன்னொரு பேன்ட் போடாமல் உட்காரக் கூடாது. புளியங்குடியில் டீ குடித்தபோது எலுமிச்சை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் வந்து மைலேஜ் விசாரித்தார்.

"எவ்வளவு குடுக்குக்கா?"

"பதினெட்டு."

"லிட்டருக்கா?" என்று கேட்டுவிட்டு வண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார், பாவம் என்பதுபோல.

ஆனால் அதற்குப் பிறகு வந்த சாலை இருக்கிறதே! வலது பக்கம் மலை முழுக்க மேகம், முகத்தில் சாரல், வண்டி ஒரு தடவை கூட முனகவில்லை. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகப் பாடினேன். என் வண்டி எனக்கே என்று நினைத்தேன். ஒன்பது மணிக்கு முன்னால் குற்றாலத்தை ஒட்டிய இலஞ்சியில் சித்தப்பா வீட்டு வாசலில் நின்றுவிட்டேன்.

சித்தப்பா போலீசில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். வண்டியின் சத்தம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. இதன் கிளட்ச் மற்ற வண்டிகளைப் போல எண்ணெயில் முங்கி இருக்காது. ஓட்டை போட்ட மூடிக்குள் காற்றில்தான் சுற்றும், கலகலவென்று சத்தம் போடும். அதில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிளேட் வழுக்கும்.

"என்னட்டி, தகர டப்பாவுக்குள்ள கல்லைப் போட்டு உருட்டுத மாதிரி கேக்கு?"

"அது அப்படித்தான் சித்தப்பா. இது எண்ணெயே இல்லாத கிளட்ச்."

"எண்ணெயே இல்லையா! அதாம்லா காஞ்சு போயி கெடந்து கத்துது" என்றார். நான் சிரித்தேன். விளக்கமாகச் சொல்லியிருக்கலாம், சித்தி இட்லியை எடுத்து வைத்துவிட்டாள்.

அந்த வீட்டில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் யாரும் அருவிக்குப் போக முடியாது. சித்தி என்னை உட்கார வைத்து உச்சியில் எண்ணெயைத் தேய்த்து, பத்து மணிவாக்கில் ஆட்டோவில் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனாள். போக வர ஆட்டோ நானூறு ரூபாய். பெண்கள் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். அந்தத் தண்ணீர் மண்டையில் விழுந்தபோது இந்த வண்டியோடு பட்ட நாலு வருஷ அலுப்பும் போனது, பொய் சொல்லக் கூடாது. வழியில் ரம்புட்டான் வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தோம்.

வாசலில் வண்டி பளபளவென்று நின்றது. பக்கத்தில் சித்தப்பா, இடுப்பில் துண்டு, கையில் ஹோஸ், காலடியில் எண்ணெய்ச் செம்பு.

"நீங்க மட்டும்தான் எண்ணெய் தேச்சுக் குளிப்பியளா? வீட்டுக்கு வந்த வண்டிட்டி. சாரலுக்கு வந்துட்டு அதை மட்டும் காயப்போட்டா நல்லாவா இருக்கும்? அந்தச் சல்லடை மூடி இருக்குல்லா, அது வழியா கால் லிட்டர் விட்டேன். நம்ம தேங்கா, செக்குல ஆட்டுனது. ஸ்டார்ட் பண்ணிப் பாரு, சத்தம் வருதான்னு."

ஸ்டார்ட் பண்ணினேன். சத்தம் பாதிதான் இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு. சித்தப்பா முகம் பூராவும் சிரிப்பு. அந்த மனுஷரிடம் என்னவென்று சொல்ல? ஈரத்தலையைத் துவட்டுகிற சாக்கில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

ஞாயிறு காலை அவர் தோப்புக்குப் போனதும் மூடியைக் கழற்றி, பிளேட்டுகளைப் பெட்ரோலில் கழுவினேன். தேய்க்கத் தேய்க்க எண்ணெய் ஊறிக்கொண்டே இருந்தது. சித்தி வந்து நின்றாள்.

"என்னட்டி பண்ணுத?"

"சும்மா துடைக்கேன் சித்தி."

பெட்ரோலில் மிதந்த எண்ணெயைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அவருகிட்ட சொல்லிராதட்டி. சொன்னா மனுஷன் ரெண்டு நாளைக்குச் சோறு திங்க மாட்டாரு" என்றாள்.

மூடியை மாட்டி வைத்தேன். தோப்பிலிருந்து வந்த சித்தப்பாவோ பழைய போலீஸ் நண்பர்கள் இருவரை அழைத்து வந்து நிறுத்தி, "இப்ப கேளுங்க, எவ்வளவு அமைதியாப் போகுதுன்னு" என்று என்னை வழியனுப்பினார். கடையநல்லூர் வரை நாற்பதில் உருட்டினேன். ஒரு பஸ்ஸை முந்தப் பார்த்தேன். இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, அப்பளம் பொரிக்கிற வாசனை மட்டும் வருகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊருக்கும் வேகம் குறைந்தது. வாசுதேவநல்லூருக்கு வெளியே கீரைக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. ஓரங்கட்டினேன்.

விசாரித்ததில் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று கிடைத்தது, வாடகை நாலாயிரம். டிரைவர் அண்ணன் கயிறு கட்டிக்கொண்டே "எங்கக்கா இறக்கணும்?" என்று கேட்டார். கூசாமல் "திருமங்கலத்துல" என்றேன். அங்கே இறக்கி, ஆறிய கிளட்சோடு ஊர்ந்து வீட்டுக்குப் போய்விடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? திருமங்கலம் வந்தது. டிரைவர் நிறுத்திப் பின்கதவில் கை வைத்தார். பிளேட்டுக்கு மறுபடி இத்தாலிக்கு எழுதிப் போடணும், மாசக்கணக்கில் காத்திருக்கணும், அதற்குள் பெல்ட்டுக்கு இரண்டு வருஷம் முடிந்துவிடும். எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து எழவே முடியவில்லை. "வேண்டாம்ணே, வீட்டுக்கே விடுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. "சித்தப்பா தெரியாமச் செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ? இதைக் கணக்குல சேக்க வேண்டாம், வச்சுக்கோ" என்றார். சண்டை போட்டிருந்தால் நானும் வரிந்துகட்டியிருப்பேன். வைத்துக்கொள்ளச் சொன்னபோதுதான், இந்த வண்டியோடு மல்லுக்கட்ட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது. விற்றுவிட்டேன், கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். எண்ணெய் விஷயத்தைச் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் கண்ணில் இருந்த ஆசையைப் பார்க்கச் சகிக்கவில்லை, உள்ளே போய்விட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெள்ளம் வந்தால் அருவியில் குளிக்க விட மாட்டார்கள், கிளம்பும் முன் விசாரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். தங்குமிடத்தில் கூரைக்கடியில் வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேளுங்கள், சாரல் நாள் முழுக்க அடிக்கும். என்னுடையதைப் போல எண்ணெயில்லாத டிரை கிளட்ச் வண்டியானால் மூடியின் ஓட்டைகளைத் துணியால் கட்டிவிட்டு, சாவியோடு சேர்த்து விளக்கத்தையும் வீட்டாரிடம் கொடுங்கள். அதைவிட நல்லது, மதுரையிலிருந்து தென்காசிக்கு ரயில் இருக்கிறது.

போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். "வண்டி எப்படிட்டி ஓடுது?"

"நல்லா ஓடுது சித்தப்பா."

"ஓடாம என்ன செய்யும்! அடுத்த சாரலுக்கும் அதுலதான் வரணும், கேட்டியா? உன் வண்டிக்குன்னு எண்ணெய் தனியா ஆட்டி வச்சிருக்கேன்."

சரி என்று சொல்லியிருக்கிறேன். இலஞ்சிக்காரர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.