மேல்மாடித் தொட்டியும் கீழ்வீட்டுக் கட்டிலும்

வேன் மாமா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவர் வேலை. காலையும் பிற்பகலும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டமே ஒரே நேரத்தில் பேசும். அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. யாராவது கேட்டால், ஊர்ப்பிள்ளைகளைச் சுமந்தே காது தேய்ந்துவிட்டது, சொந்தமாக வேறு எதற்கு என்று சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மீன்தொட்டி முன் உட்கார்ந்துவிடுவார். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடினாலும் ஒரு சத்தமும் வராது. அவருக்கு அது போதும்.

அப்பா கட்டிவைத்த இரண்டடுக்கு வீடு அது. மேல்மாடியில் அவரும் நர்ஸ் வேலை பார்க்கும் மனைவியும். கீழே தம்பி குடும்பம். தம்பிக்கு அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரு வயிற்றில் பிறந்த இருவரும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். காரணம் அந்தத் தொட்டிதான்.

தொட்டி பெரியது. அதன் அடியில் அலமாரிக்குள் சின்னத் தொட்டி ஒன்று உண்டு. மீன் கடைக்காரர்கள் அதைச் சம்பு என்பார்கள். மேல்தொட்டித் தண்ணீர் விளிம்பு வழியாகச் சம்புக்கு இறங்கி, பஞ்சில் வடிகட்டப்பட்டு, மோட்டார் தள்ளத் தள்ளக் குழாய் வழியே மேலேறும். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். அப்போது ஏற்றிவிட்ட குழாயே தண்ணீரைத் திருப்பி இழுக்க ஆரம்பிக்கும். பெட்ரோல் டேங்கில் ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சிவிட்டால் நிற்காமல் வருமே, அதே கதை. சம்பு சின்னது. நிரம்பி வழிந்தால் தரைக்கு, தரையிலிருந்து கீழ்வீட்டுக் கூரைக்கு.

சில வருஷங்களுக்கு முன் அப்படித்தான் வழிந்தது. தம்பி ஆசை ஆசையாக வாங்கிய டிவி நனைந்து செத்தது. கூடப் பிறந்தவனைவிட மீன்தான் பெரிதா என்று தம்பி கேட்டான். ஆமாம், மீனாவது வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று இவர் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு அறுந்தது.

அதன் பிறகு அவர் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு, அந்தக் குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னதாக ஓர் ஓட்டை போட்டார். தண்ணீர் ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் காற்று உள்ளே புகும், இழுப்பு அறுந்துபோகும். எத்தனையோ முறை கரண்ட் போயும் ஒரு சொட்டு வழியவில்லை. ஓட்டையை அவ்வப்போது குத்திச் சுத்தம் செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். முதலில் செய்தார். பிறகு மறந்தார்.

மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரே உறவு தம்பி மகள் பாப்பா. எட்டாவது படிக்கிறாள். அப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து மேலே வந்து மீனுக்குத் தீனி போடுவாள். போன மாதம் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. முன்னறையில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள். கட்டிலுக்கு நேர் மேலேதான் தொட்டி.

அன்று பிற்பகல் வண்டி நிறையப் பிள்ளைகளோடு அவர் ஊரின் மறுகோடியில் இருந்தபோது போன் அடித்தது. ஓரங்கட்டி எடுத்தார்.

"பெரியப்பா, கரண்ட் போயிடுச்சு. மேலேருந்து தண்ணி சொட்டுது."

"எங்க சொட்டுது?"

"லைட் பக்கத்துல. கட்டில் மேலயும் விழுது. நகர முடியல."

 ஓட்டை அடைத்துக்கொண்டது என்று அவருக்கு உடனே புரிந்தது. குழாயின் வாய் தொட்டிக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. இனிப் பாதித் தொட்டியாவது இறங்காமல் நிற்காது. அந்த அறையின் கூரைப்பூச்சு முதல் வெள்ளத்திலேயே உப்பிப்போனது. தம்பி அதைக் கொத்திப் பூசாமல் மேலாக வண்ணம் மட்டும் அடித்திருந்தான்.

அம்மா எங்கே என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றாள். அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டார். 

"சொன்னா மறுபடி சண்டை வரும். நீங்களே வந்து நிறுத்திடுங்க. அவருக்குத் தெரிய வேணாம்."

பிள்ளைகளை நடுத்தெருவில் இறக்கிவிட்டு ஓட முடியாது. மனைவியின் போன் வார்டு அலமாரிக்குள் கிடக்கும். தம்பியின் எண்ணை அவர் அழிக்கவில்லை. அழுத்தினார். எடுத்துவிட்டான்.

"நான்தான்," என்றார்.

"தெரியுது."

"பாப்பா கட்டில் மேல தண்ணி கொட்டுது. தொட்டிதான்."

அதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. சொல்லவேண்டியதில் முக்கியமானதை அவர் இன்னும் சொல்லவில்லை. மோட்டாருக்குக் கரண்ட் எடுக்கும் பலகை அலமாரியின் அடியில் தரையோடு கிடக்கிறது. இந்நேரம் அது தண்ணீருக்குள் இருக்கும். தம்பி அந்த ஈரத்தில் நிற்கும்போது கரண்ட் வந்தால்?

மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. பாப்பாவை அழைத்தார். மேல்வீட்டுச் சாவி அவளிடம் இருந்தது. இவரே கள்ளத்தனமாகக் கொடுத்ததுதான். அப்பா வந்ததும் சாவியைக் கொடுக்கச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு. படிக்கட்டுக்குக் கீழ எங்க மெயின் இருக்குல்ல? அதை அணைக்காம மேல ஏறக் கூடாதுன்னு சொல்லு. கத்திச் சொல்லு."

சரி என்றாள். உடனே கதவு இடிபடும் ஓசை கேட்டது. கட்டில் தரையில் இழுபட்டது. வலியில் அவள் வீறிட்டாள். பின்னாலேயே பொத்தென்று கனமாக ஏதோ விழுந்த சத்தம். இணைப்பு போய்விட்டது.

அவர் வண்டியை எடுத்தார்.  பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நாற்சந்தியில் விளக்குகள் செத்துக்கிடக்க, வண்டிகள் ஒன்றின் மூக்கில் ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. அவர் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: கரண்ட் இப்போது வரவேண்டாம்.

சிக்னலில் சிவப்பு எரிந்தது. சாலையோரக் கடைகளிலும் வரிசையாக வெளிச்சம் வந்தது. பிறகு பச்சை. அவர் காலை அசைக்க முடியவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின.

"மாமா, பச்சை விழுந்துடுச்சு," என்றாள் முன்சீட்டுச் சிறுமி.

நாற்சந்தியைத் தாண்டி மறுபடி ஓரங்கட்டியபோது போன் அடித்தது. தம்பி.

"எந்தக் குழாய்?" என்றான்.

"மெயினை அணைச்சியா?"

"அணைச்சேன். படியேறுறப்போ அவதான் கத்திக் கூப்பிட்டு நிறுத்தினா. எந்தக் குழாய்னு சொல்லுங்க, இன்னும் வழியுது."

"வெள்ளைக் குழாய், உள்ள வளைஞ்சு இறங்கும். முன்ன தண்ணி நின்ன கோட்டுக்குக் கீழ சின்னதா ஓட்டை இருக்கும் பாரு. அடைச்சிருக்கும். குத்து."

கண்ணாடிக்கு ஆணி முடுக்கும் பொடித் திருப்புளி எப்போதும் தம்பியின் சட்டைப்பையில் இருக்கும். மூச்சு வாங்கும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு உறிஞ்சுவதுபோல் ஒரு நீண்ட சீறல்.

"காத்து இழுக்குது," என்றான். கொஞ்சம் பொறுத்து, "நின்னுடுச்சு."

"பாப்பா?"

"சமையல்கட்டுல இருக்கா. காரை பேர்ந்து விழுந்துச்சு, அவ தலை வச்சிருந்த இடத்துல."  போனை வைத்துவிட்டான்.

கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு அவர் வீடு வந்தபோது, கட்டில் இருந்த இடத்தில் காரைக்கட்டிகள் குவிந்துகிடந்தன. அதில் தலையணை அளவுக்கு ஒரு கட்டி.  தம்பி கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டான். இத்தனை வருஷம் சேர்த்துவைத்ததும் சேர்ந்து வந்தது. அவர் காரைக்கட்டிகளைப் பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சாவி எப்படி மகள் கைக்குப் போனது என்ற விசாரணையும் நடந்தது. அதற்கு மட்டும் பாப்பா, "அந்தச் சாவி இல்லன்னா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். தம்பி பேச்சை அத்தோடு விட்டான்.

தொட்டியை எடுத்துவிடுகிறேன் என்று அவர் அன்றே சொன்னார். அழுததென்னவோ பாப்பாதான்.  மூன்றாம் நாள் தம்பி மேலே வந்தான்.

"ஒரு ஓட்டையை நம்பி என் பொண்ணைக் கீழ படுக்கவைக்க முடியாது," என்றான். "வேற என்ன வழி இருக்கு?"

வழிகள் இருந்தன. சம்பை மாற்றிப் பெரிதாக வைத்தார்கள். அதிலும் பாதிக்கு மேல் தண்ணீர் விடுவதில்லை என்று கோடு போட்டார்கள். குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சமே கீழே இருக்கும்படி உயர்த்தினார்கள். ஓட்டை அடைத்தாலும் அதற்குமேல் இழுக்க முடியாது. ஓட்டையையும் இரண்டாக்கினார்கள். கரண்ட் பலகை சுவரில் ஏறியது. கீழே கூரையைக் கொத்திப் புதிதாகப் பூசினார்கள்.

எல்லாம் முடிந்ததும், கரண்ட் போகும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே பார்த்துவிடுவோம் என்று தம்பி மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினான். சம்பில் தண்ணீர் மளமளவென்று ஏறியது. இரண்டு பேரும் தரையில் முட்டி போட்டு அலமாரிக்குள் பார்த்தார்கள். விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே தண்ணீர் தயங்கியது; குழாய் ஒருமுறை சீறியது; நின்றது.

அவர் பிளக்கை மாட்டக் கை நீட்டினார்.

"இருங்க, இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்," என்றான் தம்பி. அவர் கையை எடுத்துக்கொண்டு, நகர்ந்து அவனுக்கு இடம்விட்டு உட்கார்ந்தார்.